மலையகத்தில் இயற்கை முறை மரக்கறி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹட்டன், தலவாக்கலை, ராகலை, வெலிமடை என எங்கே போய் மரக்கறிப் பேச்சை எடுத்தாலும் ஒரே சந்தேகங்கள்தான் சுற்றிச் சுற்றி வருகின்றன. கூட்டங்களிலும் கடை வாசலிலும் தொலைபேசியிலும் கேட்கப்பட்டவற்றை, கேட்டவர்கள் சொன்ன வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வரும் காணொளிகளைப் பார்த்து அப்படியே செய்து சலித்துப்போனவர்கள் நம்மில் பலர். அங்கே வெயில், இங்கே மழையும் பனியும். அங்கே சமதரை, இங்கே சரிவு. மண்ணும் வேறு. அதனால் இங்குள்ள பதில்கள் நம்முடைய மலைக்கென்றே எழுதியவை.

இயற்கை முறைன்னா ஒன்னும் போடாம சும்மா விடுறதுதானே?

இல்லை. சும்மா விட்ட நிலத்தில் கோவா உருளாது, கரட் விரல் தடிமனைத் தாண்டாது. இரசாயனப் பசளையையும் மருந்தையும் நிறுத்துவது பாதி வேலைதான். மீதிப் பாதி, மண்ணுக்குத் தீனி போடுவது: சாணி, இலைதழை, கூட்டெரு, மூடாக்கு (மண்ணை மூடிப் பரப்பும் புல், இலை). யூரியா கரைந்ததும் சில நாட்களிலேயே செடிக்குப் போய்ச் சேர்கிறது. கூட்டெருவை முதலில் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் புழுக்களும் தின்னவேண்டும். அதன் பிறகுதான் சத்து செடிக்கு வரும். இதற்குக் காலம் பிடிக்கும். குளிர் அதிகமான இடத்தில் இன்னும் கூடப் பிடிக்கும்.

எங்க லயத்துக்குப் பின்னால ரெண்டு பேர்ச்கூட வராது. அதுல என்னத்தப் போடுறது?

ஒரு பேர்ச் ஏறத்தாழ 25 சதுர மீட்டர். ஒன்றரை பேர்ச் இருந்தாலே கீரை, வெங்காயத்தாள், முள்ளங்கி, சலாது ஆகியவற்றைக் கடையில் வாங்காமல் ஒரு குடும்பம் சமாளிக்கலாம். இவ்வளவு சின்ன இடத்தில் கோவாவும் உருளைக்கிழங்கும் வேண்டாம் என்பது என் கருத்து. மூன்று மாதம் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஒரே தரம் தருபவை அவை. முள்ளங்கி நாற்பது, ஐம்பது நாளில் முடிந்துவிடும். சலாதுவை வெளி இலையாகப் பறித்துக்கொண்டே இருக்கலாம். கொடிப் போஞ்சியைக் கம்பில் ஏற்றிவிட்டால் தரையில் இடமே கேட்காது.

உயரத்தைப் பார்த்து நடுங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,870 மீட்டர். பண்டாரவளை 1,200 மீட்டருக்குச் சற்று மேலே, கண்டி 500 மீட்டர் அளவில். நுவரெலியாவில் கொழுத்து நிற்கும் லீக்ஸ் கண்டியில் மெலிந்துபோகும். கண்டியில் காய்க்கும் கத்தரியும் வெண்டியும் நுவரெலியாக் குளிரில் முடங்கிவிடும். பக்கத்து வீட்டில் எது நன்றாக வருகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள்.

தேயிலை புடுங்கின இடத்துல மரக்கறி வச்சோம். செடி மஞ்சளா, வளராமலே நிக்குது. ஏன்?

மண்ணின் புளிப்புதான் பெரும்பாலும் காரணம். தேயிலைக்கு அமிலத்தன்மை வேண்டும். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அது சந்தோஷமாக வளரும். மரக்கறிகளில் அநேகமானவை 6 முதல் 6.5 வரை கேட்கின்றன. மண் அவ்வளவு புளிப்பாக இருந்தால் போடும் எருவில் உள்ள பொஸ்பரஸ் மண்ணோடு ஒட்டிக்கொண்டு செடிக்குக் கிடைக்காது. அலுமினியம் கரைந்து வேர் நுனியையும் கருக்கும். இந்த நிலையில் எத்தனை கூடை சாணி கொட்டினாலும் பலன் அரைகுறைதான்.

இதற்கு டொலமைட் போடவேண்டும். அது கல்லை அரைத்த தூள், இரசாயனப் பசளை அல்ல. இயற்கை முறையில் தாராளமாகப் போடலாம். மண்ணைப் பரிசோதித்து அளவு கேட்டுப் போடுவதே சிறந்தது. உங்கள் பகுதி கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழையுங்கள். பரிசோதனைக்கு வழியே இல்லையென்றால் சதுர மீட்டருக்கு 200 கிராம், அதாவது பேர்ச்சுக்கு 5 கிலோ அளவில் தூவி, மண்ணோடு நன்றாகக் கொத்திக் கலந்து, இரண்டு மூன்று வாரம் கழித்து நடுங்கள். மேலே தூவி அப்படியே விட்டால் அடுத்த மழை கொண்டுபோய்விடும். உருளைக்கிழங்கு போடும் பாத்திக்கு மட்டும் கையை அடக்குங்கள். சுண்ணாம்புத்தன்மை கூடினால் கிழங்குத் தோலில் சொறி விழும்.

அடுப்புச் சாம்பல் நெறைய இருக்கு. அதை அள்ளிப் போட்டா போதாதா?

சாம்பலில் பொட்டாசியமும் சுண்ணாம்பும் உண்டு, தழைச்சத்து (நைதரசன்) கிடையாது. ஆகவே டொலமைட்டுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், எருவுக்குப் பதிலாக அல்ல. சதுர மீட்டருக்கு ஒரு கைப்பிடி, ஒரு போகத்துக்கு ஒரு தடவை போதும். பச்சைச் சாணியோடோ கோழி எருவோடோ கலந்து வைக்காதீர்கள். மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி கிளம்பும். அது உங்கள் தழைச்சத்து காற்றில் போவதன் மணம். பெயின்ட் அடித்த பலகையும் பொலித்தீனும் எரிந்த சாம்பலைத் தோட்டத்துப் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

கூட்டெருவுக்குக் குழி வெட்டி எல்லாத்தையும் போட்டோம். மாசக்கணக்கா அப்படியே கெடக்கு, நாறுது. என்ன செய்யிறது?

முதல் தவறு குழி. வறண்ட ஊரில் ஈரத்தைக் காக்கக் குழி வெட்டுவார்கள். ஹட்டன், நல்லதண்ணிப் பக்கம் மே தொடங்கிச் செப்டெம்பர் வரை பெய்யும் மழையில் குழி தண்ணீர்த் தொட்டியாகிவிடும். காற்றில்லாமல் அழுகுவதால்தான் நாற்றம். தரைக்கு மேலே குவியலாகப் போடுங்கள். அடியில் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கினால் கீழிருந்து காற்று வரும். நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைந்தது ஒரு மீட்டர் இருக்கவேண்டும். அதைவிடச் சின்னக் குவியல் நம் குளிரில் சூடேறாது. மேலே பழைய உர பேக்கையோ தகரத்தையோ சாய்வாகப் போட்டு மழையை மறையுங்கள், பக்கங்களை மூடவேண்டாம்.

இரண்டாவது, பச்சையும் காய்ந்ததும் கலக்கவேண்டும். சமையல் கழிவும் பச்சைக் களையும் மட்டும் போட்டால் கூழாகிவிடும். காய்ந்த மானாப்புல்லைச் சாண் நீளத்துக்கு வெட்டி, ஒரு அடுக்குப் பச்சைக்கு இரண்டு அடுக்குக் காய்ந்தது என்று போடுங்கள். இடையிடையே சாணிக் கரைசலைத் தெளியுங்கள். பைன், யூகலிப்டஸ், சவுக்கு இலைகள் மக்கக் கனகாலம் எடுக்கும், கொஞ்சமாகச் சேருங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வரவேண்டும். ஒழுகினால் காய்ந்த புல்லைச் சேருங்கள், சொட்டே வராவிட்டால் தண்ணீர் தெளியுங்கள்.

வேலை நடக்கிறதா என்று பார்க்க ஒரு இரும்புக் கம்பியை நடுவயிற்றில் குத்திப் பத்து நிமிடம் விட்டு உருவுங்கள். நுனியைப் பிடிக்க முடியாமல் சுட்டால் நல்லது, உள்ளே 55, 60 பாகை இருக்கும். களை விதையும் நோய்க் கிருமியும் அந்தச் சூட்டில்தான் சாகும். கம்பி குளிர்ந்து வந்தால் புரட்டிப் போடுங்கள். தாழ்ந்த ஊரில் இரண்டு மூன்று மாதத்தில் ஆவது நுவரெலியாப் பக்கம் நாலைந்து மாதம் எடுத்தால் கவலைப்படாதீர்கள். மழை பெய்த காட்டு மண்ணின் வாசம் வந்து, எது எந்த இலை என்று தெரியாமல் போனால் எரு தயார்.

ரோட்டோரத்துக் காட்டு சூரியகாந்தியைப் போடச் சொல்றாங்க. தோட்டம் முழுக்க அதுவே மொளைச்சிடாதா?

மஞ்சள் பூப் பூக்கும் அந்தச் செடி நமக்குக் கிடைத்த பெரிய வரம். தழைச்சத்தும் பொட்டாசியமும் நிறைந்த இலை, வெட்ட வெட்டத் துளிர்க்கும், காசும் கிடையாது. தாழ்ந்த பகுதிக்காரர்கள் கிளிசரியாவை (சீமைக்கிளுவை) நம்புகிறார்கள். உயர்ந்த மலையில் கிளிசரியா சரியாக வராது, அந்த இடத்தை இதுவும் எரபது (முள்முருக்கு) இலையும் நிரப்புகின்றன. பூக்கும் முன் வெட்டுங்கள், இலையையும் இளந்தண்டையும் மட்டும் போடுங்கள். முற்றிய தண்டை ஈரமண்ணில் போட்டால் வேர்விடும், ஆகவே அதை வெயிலில் காயவைத்து விறகாக்குங்கள். நறுக்கிய இலையை நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே மண்ணில் கொத்திவிடலாம், கூட்டெருக் குவியலில் பச்சை அடுக்காகவும் போடலாம்.

தேத்தண்ணி ஊத்தின சக்கையைச் செடிக்குப் போடலாமா?

போடலாம். சீனியும் பாலும் கலக்காததாகப் பார்த்து, குவியலோடு சேர்ப்பது நல்லது. ஒரு வீட்டில் கிடைக்கும் அளவுக்குப் பெரிய நன்மையும் இல்லை, தீங்கும் இல்லை.

கோழி எரு போட்டா சீக்கிரம் வளருதே. அதையே முழுக்கப் போட்டா என்ன?

வேகம் இருப்பது உண்மை. மாட்டெருவைவிடத் தழைச்சத்தும் பொஸ்பரஸும் அதிகம். ஆனால் பச்சையாகப் போட்டால் வேரைச் சுட்டுவிடும், ஈயும் மொய்க்கும். மலை உச்சியில் பச்சையாகக் கொட்டியது மழையோடு கீழே பீலித் தண்ணீரில் வந்து கலக்கும். அதைக் குடிப்பது நம் பிள்ளைகள்தான். காய்ந்த புல்லோடு குவித்து, மேலே சொன்ன கம்பிச் சோதனையில் சூடேறி அடங்கிய பிறகே போடுங்கள்.

சலாது, கரட் போலப் பச்சையாகத் தின்பவற்றுக்கு இன்னும் கவனம் வேண்டும். மக்காத எரு போட்ட நிலத்தில் மண்ணைத் தொட்டு வளரும் மரக்கறியை 120 நாள் கழித்தே அறுக்கவேண்டும் என்பது அமெரிக்க இயற்கை வேளாண்மை விதி. நம் ஊர் மழைக்கும் அது நியாயமான எச்சரிக்கைதான்.

ஒரு மூட்டை யூரியாவுக்குப் பதிலா எத்தனை மூட்டை கூட்டெரு போடணும்?

கணக்கைச் சொல்கிறேன். யூரியாவில் தழைச்சத்து 46 வீதம், ஆகவே 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. நல்ல கூட்டெருவில் 1 வீதம் என்று வைத்தால் அதே 23 கிலோவுக்கு 2,300 கிலோ எரு வேண்டும். அதிலும் முதல் போகத்தில் செடிக்குக் கிடைப்பது ஒரு பகுதிதான், மீதி அடுத்தடுத்த போகங்களுக்கு மெல்ல மெல்ல இறங்கும். மூட்டைக்கு மூட்டை மாற்றிப் போடுகிற கணக்கு இதில் சரிவராது.

2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் ஒரே வர்த்தமானியில் நிறுத்தியபோது நடந்தது இதுதான். மண்ணைத் தயார்செய்ய அவகாசமும் இல்லை, அவ்வளவு எருவும் நாட்டில் இல்லை. அதே வருடம் நவம்பரில் தடையை எடுக்கவேண்டி வந்தது. அதன் பிறகு "இயற்கை முறையா, ஆளை விடுங்க" என்று சொல்பவர்களை நான் குறைசொல்ல மாட்டேன், பட்ட நட்டம் அப்படி. ஆனாலும் அதை இயற்கை முறையின் தோல்வி என்று சொல்வது சரியல்ல. படிப்படியாக மாறுகிறவர்கள் முதலில் ஒரு பாத்தியை மாற்றுகிறார்கள், அவரை இனப் பயிரை இடையில் போடுகிறார்கள், எருவை வருடம் முழுக்கச் சேர்க்கிறார்கள். முதல் இரண்டு மூன்று போகம் விளைச்சல் குறையும் என்று எதிர்பார்த்தே இறங்குங்கள். மரக்கறிதான் உங்கள் முழு வருமானம் என்றால் ஒரேயடியாக மாறவேண்டாம்.

எவ்வளவு எரு போட்டாலும் மழைக்கு மண்ணே ஓடிப்போவுது. இதுக்கு என்ன வழி?

எல்லாக் கேள்வியிலும் எனக்கு இதுதான் முக்கியம். மேல்மண் கீழே ஆற்றுக்குப் போய்விட்டால் டொலமைட்டும் எருவும் அதோடு போயிற்று. நுவரெலியாப் பக்கம் பாத்திகளை மேலிருந்து கீழாக, தண்ணீர் வடியட்டும் என்று போடும் வழக்கம் இருக்கிறது. அந்த வழியில்தான் மண்ணும் போகிறது. பாத்தி சரிவுக்குக் குறுக்கே, ஒரே மட்டத்தில் போகவேண்டும்.

மட்டம் பார்க்க இயந்திரம் வேண்டாம். ஆளுயரக் கம்பு இரண்டை மேலே சேர்த்துக் கட்டி, கால்களை விரித்து, நடுவில் ஒரு குறுக்குக் கம்பு கட்டுங்கள். உச்சியிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். ஓரிடத்தில் நிறுத்தி நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் கோடு போடுங்கள். பிறகு கால்களை இடம் மாற்றி வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடு மையம்தான் மட்டக் குறி. இனிச் சரிவில் ஒரு காலை ஊன்றி, நூல் அந்தக் குறியில் நிற்கும் வரை மற்றக் காலை மேலும் கீழும் நகர்த்துங்கள். நின்ற இடத்தில் ஒரு முளை அடித்து, அங்கிருந்து அடுத்த அடி. முளைகளைச் சேர்த்தால் உங்கள் மட்டக்கோடு கிடைத்துவிடும். அந்தக் கோட்டில் கல் அடுக்குங்கள், அல்லது வெட்டிவேர் நடுங்கள்.

கோட்டுக்கு மேலே ஒரு கான் (வடிகால்) வெட்டி, உள்ளே இடையிடையே சிறு குழி விடுங்கள். ஓடிவரும் மண் குழியில் தங்கும், மழை விட்டதும் அதை அள்ளி மேல் பாத்தியில் போடலாம். கானின் முடிவு புல் நிறைந்த இடத்தில் இருக்கட்டும், கீழ்வீட்டுச் சுவரைப் பார்த்து விடாதீர்கள். பாத்தியை ஒருபோதும் வெறுமையாக வைக்காதீர்கள். பூக்குமுன் வெட்டிய மானாப்புல்லை நாலு விரல் தடிமனுக்குப் பரப்பினால் மழைத்துளி மண்ணை அடிக்காது. மேற்குச் சரிவில் மே மாதத்துக்கு முன்பும், பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் ஒக்டோபருக்கு முன்பும் இந்த வேலை முடிந்திருக்கவேண்டும்.

கரட் ரெண்டு மூணு காலா பிரிஞ்சு வருதே?

கல், இறுகிய மண், மக்காத எரு ஆகிய மூன்றில் ஒன்று. ஒரு அடி ஆழத்துக்குக் கிளறிக் கல் பொறுக்குங்கள். எருவை முந்தின பயிருக்குப் போட்டுவிட்டு, அதே பாத்தியில் அடுத்ததாகக் கரட் விதையுங்கள். நாற்றுப் பிடுங்கி நட்டாலும் பிரியும், நேரே விதைத்து, நெருக்கமாக முளைத்ததைக் கலைத்துவிடுங்கள். வேரில் சிறு சிறு முடிச்சும் சேர்ந்து இருந்தால் அது நூற்புழு, வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு புழு. அந்தப் பாத்தியில் ஒரு போகம் செவ்வந்தி (மேரிகோல்ட்) நட்டுப் பாருங்கள்.

கோவா பகல்ல வாடுது. புடுங்கிப் பாத்தா வேர் பெருசா வீங்கி இருக்கு. மருந்து என்ன?

மருந்து இல்லை, இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வேர்வீக்க நோய் மண்ணில் வந்துவிட்டால் அதன் வித்துகள் பத்து வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். கோவா, பூக்கோவா, நோக்கோல், முள்ளங்கி, கடுகு எல்லாம் ஒரே குடும்பம், எல்லாவற்றையும் பிடிக்கும். புளிப்பு மண்ணில் இது கொண்டாட்டம் போடும். அதனால் டொலமைட், சுண்ணாம்பு போட்டு பிஎச் அளவை 7க்கு மேல் கொண்டுபோனால் தாக்கம் குறையும். அந்த நிலத்தில் சில வருடத்துக்கு லீக்ஸ், கரட், பீட்ரூட், போஞ்சி என்று மாற்றிப் போடுங்கள்.

வீங்கிய வேரைக் கூட்டெருவில் போடாதீர்கள். பிடுங்கிக் காயவைத்து எரியுங்கள். இது பரவுவது பெரும்பாலும் மண் ஒட்டிய நாற்று, மம்பட்டி, செருப்பு வழியாகத்தான். வெளியே நாற்று வாங்கும்போது வேரைக் கழுவிக் காட்டச் சொல்லுங்கள். இரவல் மம்பட்டியைக் கழுவிவிட்டு இறக்குங்கள்.

கோவா இலையைச் சல்லடையாக்குற சின்னப் பச்சைப் புழுவுக்கு வேப்பங்கசாயம் சரியா?

சரிதான், ஆனால் எப்படி அடிக்கிறோம் என்பதில்தான் விஷயம். தொட்டால் நூலில் தொங்கும் அந்தப் புழு எந்தப் பூச்சிமருந்துக்கும் சீக்கிரம் பழகிவிடும். 1950களிலேயே ஜாவாவில் டி.டி.டி. மருந்துக்குச் சாகாமல் நின்ற பூச்சி அது. மருந்தை மாற்றி மாற்றி அடித்துக் களைத்தவர்களுக்கு இது தெரியும். வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லீட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். வெயிலில் அடித்தால் வீரியம் போய்விடும், மழை பெய்தால் மறுபடி அடிக்கவேண்டும். புழு சின்னதாக இருக்கும்போதே தொடங்கவேண்டும்.

வேப்பமரம் நம் குளிரில் வளராது. மலையகத்துப் பல குடும்பங்களுக்கு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் உறவுக்காரர் உண்டு. விழுந்த வேப்பங்கொட்டையைக் காயவைத்து அனுப்பச் சொல்லுங்கள். நாற்றுப் பருவத்தில் நுண்வலையால் மூடுவது இதையெல்லாம்விட எளிது. பி.டி. என்று விற்கும் நுண்ணுயிர்த் தூளும் இயற்கை முறையில் ஏற்றதே.

அப்போ பொகையிலைக் கசாயமும் இலையில செஞ்சதுதானே, அதை அடிக்கலாமே?

வேண்டாம். இலையில் இருந்து வந்தாலும் நிக்கொட்டின் கொடிய நஞ்சு. தோல் வழியாக அடிப்பவர் உடம்பில் ஏறும், தேனீயைக் கொல்லும், பறிக்கும் கீரையில் தங்கும். இயற்கை வேளாண்மைத் தர விதிகளும் அதை ஏற்பதில்லை. புகையிலையில் இருக்கும் வைரஸ் தக்காளிக்கும் மிளகாய்க்கும் தொற்றுவது இன்னொரு கேடு. செடியில் இருந்து வந்தது என்பதற்காக எதையும் பாதுகாப்பானது என்று நினைக்காதீர்கள்.

ரெண்டு நாள் பனிமூட்டம் இருந்தா தக்காளியும் உருளைக்கிழங்கும் கருகிப்போவுது. இதுக்காவது வழி இருக்கா?

ஈரமும் குளிரும் சேர்ந்தால் கருகல் நோய் ஒரு வாரத்துக்குள் பாத்தியையே முடித்துவிடும். ஆகவே வருமுன் செய்வதுதான் வழி. தக்காளிக்கு மேலே பொலித்தீன் கூரை போட்டு இலையை நனையாமல் காத்தாலே பெரும்பகுதி தப்பும். இடைவெளி விட்டு நடுங்கள், கீழ் இலைகளைக் கிள்ளுங்கள், கருகிய இலையை உடனே அகற்றுங்கள். போன போகத்தில் மண்ணில் விடுபட்ட கிழங்கு முளைத்தால் பிடுங்குங்கள். நோய் அதில்தான் உயிர்பிழைத்திருக்கும்.

கட்டாயம் அடிக்கவேண்டும் என்றால் போர்டோக் கலவை. மயில்துத்தம் (செப்பு சல்பேட்) 100 கிராமை 5 லீட்டரிலும், சுண்ணாம்பு 100 கிராமை 5 லீட்டரிலும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, மயில்துத்த நீரைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்குங்கள். பளபளப்பான இரும்பு ஆணியைச் சிறிது நேரம் அதில் நனைத்துப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் இலை கருகும், இன்னும் சுண்ணாம்பு சேர்க்கவேண்டும். அன்றே அடித்து முடியுங்கள். இயற்கை முறையில் அனுமதி இருந்தாலும் செம்பு மண்ணில் தங்கி மண்புழுவைப் பாதிக்கும். வாராவாரம் அடிக்கும் பொருள் அல்ல இது.

ராவோட ராவா நத்தை நாத்தை எல்லாம் தின்னுடுது. சாம்பல் போட்டும் கேக்கல.

சாம்பல் நனைந்ததும் பயனில்லை. மாலையில் நனைந்த சாக்கைப் பாத்தியோரம் விரியுங்கள், விடியற்காலை அதைத் திருப்பினால் அடியில் கூட்டமாக இருக்கும், பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுங்கள். மழைக்காலத்தில் நாற்று வேர்பிடிக்கும் வரை மூடாக்கைத் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். அரைச் சாண் வளர்ந்த நாற்றாகப் பார்த்து நட்டால் சேதம் குறையும்.

பன்றி வந்து எல்லாத்தையும் உழுதுட்டுப் போவுது. கம்பி வச்சா தப்பா?

தப்பு. சுருக்குக் கம்பிக்குப் பன்றி யார், சிறுத்தை யார் என்று தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை மீட்கப்பட்டும் சில நாளில் இறந்துபோனது. வீட்டு மின்சாரத்தை இழுத்துவிடும் கம்பியில் மனிதர்களே செத்திருக்கிறார்கள். இரண்டும் சட்டப்படி குற்றம்.

பழைய தகரத்தை அரை அடி மண்ணுக்குள் புதைத்து வேலி கட்டினால் பன்றியும் முள்ளம்பன்றியும் அடியில் தோண்டுவது குறையும். கிழங்கு வகைகளை வீட்டுக்கு அருகிலும், லீக்ஸ், வெங்காயத்தாள் போன்றவற்றைக் காட்டோரமாகவும் போடுங்கள். குரங்குக்கு வலைதான். அதுவும் முழுத் தீர்வல்ல, காட்டோரத்தில் இருப்பவர்கள் ஒரு பங்கு போகும் என்ற கணக்கோடுதான் பயிர்செய்யவேண்டியிருக்கிறது.

விதையை நாங்களே எடுத்து வைக்கலாமா? கடை விதை ஒரு கலர்ல இருக்கே?

அந்தச் சிவப்பும் நீலமும் பங்கசு நாசினி பூசியதன் அடையாளம். கையால் தொட்டால் கழுவுங்கள், பூசாத விதை கேட்டு வாங்குங்கள். போஞ்சி, தக்காளி, மிளகாய், கீரை விதைகளை வீட்டிலேயே எடுக்கலாம். நல்ல செடி இரண்டை ஆரம்பத்திலேயே நூல் கட்டி ஒதுக்கி, அதில் சமையலுக்குப் பறிக்காமல் விடுங்கள். போஞ்சி நெற்று செடியிலேயே காய்ந்து சலசலக்கவேண்டும். மழை விடாவிட்டால் செடியோடு பிடுங்கி அடுப்புக்கு மேலே தொங்கவிடுங்கள். கலப்பின விதையிலிருந்து எடுத்தால் அடுத்த தலைமுறை ஒன்றுபோல் வராது. உருளைக்கிழங்கு விதை மட்டும் கண்ட இடத்தில் வாங்காதீர்கள். நுவரெலியாப் பகுதி மண்ணில் உருளைக்கிழங்கைப் பிடிக்கும் நூற்புழு இருக்கிறது, கிழங்கில் ஒட்டிய மண்ணோடு அது ஊர்மாறும்.

நாங்க மருந்தடிக்காம இருந்து என்ன புண்ணியம், மேல தேயிலை மலையில அடிக்கிறாங்களே?

நியாயமான ஆதங்கம். முழுக்கத் தடுக்க முடியாது, குறைக்கலாம். மேலிருந்து வரும் நீர் பாத்திக்குள் புகாதபடி, மட்டக்கோட்டுக் கானில் முதல் கானை ஆழமாக்கி ஓரமாகத் திருப்பிவிடுங்கள். எல்லையில் காட்டு சூரியகாந்தியை வேலியாக நட்டால் காற்றில் வரும் தூறலை அது தாங்கும். அந்த வேலி இலையை எருவுக்கு எடுக்கவேண்டாம். மருந்தடிக்கும் நாளை முன்கூட்டிச் சொல்லச் சொன்னால் பெரும்பாலானோர் சொல்வார்கள், அன்று பாத்தியை மூடலாம். இரவல் மருந்து டாங்கியில் கசாயம் அடிக்கவே வேண்டாம். புல்லுக்கு அடித்த மருந்தின் மிச்சம் ஒரு மூடி அளவு இருந்தாலே போஞ்சி சுருண்டுவிடும்.

இப்படி வெளைஞ்சதை "இயற்கை மரக்கறி"ன்னு சொல்லி விக்கலாமா?

தெரிந்தவர்களுக்கு விற்கும்போது என்ன போட்டேன், என்ன போடவில்லை என்று சொல்லி, பார்க்க விரும்புகிறவர்களைத் தோட்டத்துக்கே அழைப்பது எந்தச் சான்றிதழுக்கும் குறைந்ததல்ல. பொதி ஒட்டிக் கடைக்குக் கொடுப்பதென்றால் இலங்கையில் அதற்கென எஸ்.எல்.எஸ். 1324 என்ற தரம் இருக்கிறது. ஐரோப்பிய விதியில் ஒரு போகப் பயிருக்கு, விதைப்பதற்கு முன் இரண்டு வருடம் நிலம் இரசாயனம் படாமல் இருந்திருக்கவேண்டும். பெரிய பண்ணைகளில் அடைத்து வளர்க்கும் கோழியின் எருவையும் அந்த விதி ஏற்காது. ஆகவே எரு எங்கிருந்து வந்தது, எப்போது போட்டீர்கள் என்று இன்றிலிருந்தே ஒரு கொப்பியில் எழுதுங்கள். தனியாளாகச் சான்றிதழ் செலவைத் தாங்குவது கஷ்டம், அயலில் பத்துப் பேர் சேர்ந்தால் வழி பிறக்கும்.

காணி எங்க பேர்ல இல்ல. மண்ணைத் திருத்தி வச்ச பொறகு தொரை வந்து எடுத்துக்கிட்டா?

இதைக் கேட்காத தோட்டக் கூட்டம் இல்லை. 1970களில் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போன தோட்ட நிலம் அது. லயத்தைச் சுற்றியுள்ள பாத்திக்கு நம்மில் பலரிடம் ஒரு துண்டுக் கடிதம்கூட இல்லை. பல வருடம் மண்ணைக் கட்டி எழுப்பவேண்டிய ஒரு முறையை, அடுத்த வருடம் நம் கையில் இருக்குமா என்று தெரியாத நிலத்தில் செய்யச் சொல்வது லேசான விஷயமல்ல. முதல் வேலையாக, பயிர்செய்யும் இடத்தையும் அளவையும் குறித்து நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள், கடிதத்தின் பிரதியை வையுங்கள். தனித்தனியாகக் கேட்பதைவிட லயத்தார் எல்லாரும் சேர்ந்து கேட்பது நல்லது. மரம் நடுவதையும் கல்லடுக்குவதையும் அனுமதி கிடைத்த பிறகு செய்யுங்கள்.

அதுவரை தூக்கிக்கொண்டு போகக்கூடியவற்றில் உழைப்பைப் போடுங்கள்: விதை, கூட்டெரு, சாக்குப் பயிர். பழைய உர பேக்கை நன்றாகக் கழுவி, அடியில் நாலைந்து ஓட்டை குத்தி, இரண்டு பங்கு மண், ஒரு பங்கு கூட்டெரு, ஒரு கைப்பிடி டொலமைட் கலந்து முக்கால்வாசி நிரப்புங்கள். வெங்காயத்தாள், மிளகாய், சலாது, தக்காளி எல்லாம் அதில் வரும். பேக்கின் வாயைச் சுருட்டிவிட்டு, கல் மேல் வையுங்கள். அடி ஓட்டை அடைபடாமல் இருந்தால்தான் மழைக்காலத்தில் வேர் அழுகாது.